கலையும் சயன்ஸும் சேர்ந்த அகடமில சேரணும்னா என்ன வழி? எனக்கு ஒரு ஈமெயில் வந்திருக்கு

மூடுபனி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஏ.எல். பிள்ளைகளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிற டீச்சர். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கங்க, சுருக்கிச் சொன்னா எதுக்குக் கேக்குறேன்னு விளங்காது.

எங்க தாத்தா தப்படிச்சவரு, தப்புன்னா ஒரு பக்கம் தோல் கட்டுன வட்டப் பறை. விடியக்காலைல தோட்டத்து ஆக்கள் குடியிருக்குற லயத்துக்கு மேல உள்ள மேட்டுல நின்னு, வேலைக்குக் கூப்பிடுற பெரட்டுத் தப்பு அடிப்பாராம், அந்தச் சத்தத்துக்குத்தான் தோட்டமே எழும்புமாம். நான் அதப் பாத்ததில்ல, அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனா மாசி மாசம் காமன், ரதி கதைய ராத்திரி முழுக்க ஆடுற காமன் கூத்துக்கு எங்க மாமா அடிக்கிறத சின்னதுல இருந்தே பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். ராத்திரி தொடங்கையில கணீர்னு இருக்குற தப்பு, பனி இறங்க இறங்க தொப்பு தொப்புன்னு ஆகிடும், மாமா உடனே மானாப்புல்லக் கொளுத்தி தப்பக் காய்ச்சுவாரு, திரும்பக் கணீர்னு வரும், கொஞ்ச நேரத்துல மறுபடி இறங்கும், மறுபடி காய்ச்சுவாரு, விடியிற வரைக்கும் இதே வேலதான். சின்னப்புள்ளையா இருக்கையில நெருப்பு பாக்கத்தான் போவேன், கெம்பஸ்ல பௌதிகவியல் படிச்சதுக்குப் பொறகுதான் அட இதுல ஒரு பெரிய விசயம் இருக்கேன்னு பட்டிச்சு.

அதனால மூணு வருசமா காமன் கூத்து நடக்குறப்ப ராத்திரி முழுக்க போன்ல ரெக்கோர்ட் பண்ணி, கூடவே வெப்பநிலையும் ஈரப்பதனும் எழுதி வச்சு, அப்புறம் வீட்டுல வந்து ஒவ்வொரு அடியோட மீடிறனையும், அதாவது ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிருதுங்குறதயும் பாத்து கிராஃப் போட்டு, ஒரு கட்டுரையும் எழுதியிருக்கேன். ஈரப்பதன் ஏற சுருதி இறங்குறது எதிர்பாத்ததுதான். ஆனா காய்ச்சின உடனே ஏறுற வேகமும் அப்புறம் இறங்குற வேகமும் ரொம்ப வித்தியாசமா இருக்கு, அதோட கூத்துல எந்தக் கட்டம் வரப்போகுதுன்னு பாத்து மாமா முன்கூட்டியே காய்ச்சுறாரு, ரதி புலம்புற இடத்துக்கு கொஞ்சம் இறங்குன சத்தத்தயே விட்டுடுறாரு, அது தற்செயல் இல்ல, மூணு வருசமும் அப்பிடித்தான்.

இத ஸ்டாஃப் ரூம்ல காட்டினேன். ஒருத்தரு "தப்படிக்கிறதுக்குப் போய் கிராஃபா டீச்சர்"னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன கிழமை ஒரு ஈமெயில், கலையையும் விஞ்ஞானத்தையும் இணைக்கிற சர்வதேச அகடமின்னு போட்டு, உங்கள ஃபெலோவா, அதாவது அகடமி அங்கத்தவரா தெரிவு செஞ்சிருக்கோம், 400 டொலர் கட்டுனா சான்றிதழும் பதக்கமும் வரும், பேருக்குப் பின்னால எழுத்துப் போட்டுக்கலாம்னு. அது என்னோட ஒரு மாசச் சம்பளத்தத் தாண்டுது. ஆனா உண்மையச் சொல்றேன், கட்டிடலாமான்னு நெனச்சேன். ஒரு அகடமி என்னைய ஏத்துக்கிட்டா மாமாவோட தப்பையும் ஏத்துக்கிட்ட மாதிரிதானேன்னு ஒரு ஆசை. இது உண்மையான இடமா? இல்லாட்டி உண்மையான இடத்துல சேர என்ன வழி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொழுந்துக்கூடை எழுதினது:

தங்கச்சி, கட்டாதீங்க!! முதல்ல இதச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். நான் பண்டாரவளைல இருந்து எழுதுறேன், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்து நான் காசு கட்டி ஏமாந்தவ. சான்றிதழ் வந்திச்சு, பேரு கூடப் பிழையா அடிச்சிருந்திச்சு, அடுத்த வருசம் புதுப்பிக்கணும்னு திரும்பக் காசு கேட்டாங்க. எத்தனை தடவை கேட்டும் ஒரு கூட்டம் எங்க நடக்குதுன்னு பதில் வரவே இல்ல.

ஒண்ணு மட்டும் பாருங்க, அந்த ஈமெயில்ல தப்புங்குற வார்த்தை இருக்கா? காமன் கூத்துன்னு இருக்கா? உங்க மகத்தான பங்களிப்புன்னு மட்டும் இருந்தா அவங்க உங்க வேலையப் பாக்கவே இல்ல.

ஹந்தானை எழுதினது:

மகள், உங்க பதிவ ரெண்டு தடவை வாசிச்சேன். நான் பேராதனைல ரொம்ப காலம் படிப்பிச்சு ஓய்வெடுத்தவன், எனக்குத் தெரிஞ்சதக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

அகடமின்னு பேரு போட்டுக்கிற இடங்கள் ஒரே மாதிரி இல்ல. கலையும் விஞ்ஞானமும் ஒரே கூரைக்குக் கீழ இருக்குற பழைய அகடமிகள் உண்மையாவே இருக்கு. அமெரிக்கன் அகடமி ஒஃப் ஆர்ட்ஸ் அண்ட் சயன்ஸஸ் 1780ல தொடங்கினது, ஜோன் அடம்ஸ் எல்லாம் சேந்து சுதந்திரப் போர் நடந்துக்கிட்டு இருக்கையிலயே தொடங்குனாங்க. எடின்பரோ ரோயல் சொசைட்டி 1783, ரோயல் ஐரிஷ் அகடமி 1785. இந்த மூணுமே அஞ்சு வருசத்துக்குள்ள வந்தது, அந்தக் காலத்துல கவிதையையும் கல்லையும் நட்சத்திரத்தையும் ஒரே ஆளு பேசலாம்னு இருந்திச்சு. பிந்தி வந்ததுல சால்ஸ்பர்க்ல இருக்குற ஐரோப்பிய அகடமி 1990ல வந்தது, அதத் தொடங்குன மூணு பேரு யாருன்னு பாத்தீங்கன்னா ஒரு இருதய சத்திரசிகிச்சை டொக்டர், ஒரு கர்தினால், ஒரு தத்துவப் பேராசிரியர். எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விசயம்.

ஆனா இதுல நாமளா விண்ணப்பம் போட்டுச் சேரவே ஏலாது. உள்ள இருக்குற அங்கத்தவர்கள் ஒருத்தர முன்மொழிவாங்க, அப்புறம் அவங்களுக்குள்ள வாக்கெடுப்பு. நம்ம நாட்டு தேசிய விஞ்ஞான அகடமி இருக்கே, 1976ல வந்தது, அங்கயும் ஃபெலோன்னா தெரிவாகித்தான் வரணும். அதனால 400 டொலர் குடுத்தா ஃபெலோன்னு ஒருத்தன் சொன்னா அவன் விக்கிறது தாள்.

அதுக்காக காசு வாங்குற எல்லாமே ஏமாத்துன்னு நெனச்சிடாதீங்க, அது அநியாயம். லண்டன்ல ரோயல் சொசைட்டி ஒஃப் ஆர்ட்ஸ் 1754ல ஒரு கோப்பிக்கடையில கூடித் தொடங்கினது, அங்க விண்ணப்பிச்சு வருசாந்தக் கட்டணம் கட்டித்தான் ஃபெலோ ஆகுறாங்க, அத அவங்க ஒளிக்கிறதும் இல்ல. காசு கட்டுறதா இல்லையாங்குறத வச்சு மட்டும் தீர்மானிக்காதீங்க. உங்க வேலைய யாராவது உக்காந்து வாசிப்பாங்களா, எழும்பிக் கேள்வி கேப்பாங்களா, பிழைன்னா பிழைன்னு சொல்லுவாங்களா, அதப் பாருங்க.

அப்பிடிப் பாத்தா உங்களுக்குப் பக்கத்துலயே ரெண்டு கதவு திறந்திருக்கு. ஒண்ணு இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், 1944ல தொடங்கினது. அது அகடமி இல்ல, விண்ணப்பிச்சுச் சேரலாம். மருத்துவம், விவசாயம், எஞ்சினியரிங், பௌதிக விஞ்ஞானம்னு பிரிவு பிரிவா இருக்கும், சமூக விஞ்ஞானத்துக்கும் தனிப் பிரிவு உண்டு, வருசாந்த அமர்வுக்கு கட்டுரைச் சுருக்கம் அனுப்பி அவங்க ஏத்துக்கிட்டா நின்னு வாசிக்கலாம். இன்னொண்ணு கொழும்புல உள்ள ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டி, 1845ல இலங்கைக் கிளையாத் தொடங்கினது. அவங்களோட ஆரம்ப நோக்கத்த வாசிச்சுப் பாருங்க, இந்தத் தீவு மக்களோட வரலாறு, சமயம், மொழி, இலக்கியம், கலை, சமூக நிலை, அதோடயே நிலவியல், கனிமம், காலநிலை, தாவரம், விலங்கு. பனியும் தப்பும் ரெண்டும் அந்த ஒரே வரிக்குள்ள அடங்கிடுது. அதுக்கு மேல இன்னொரு அகடமி எதுக்குத் தேடணும்?

அந்தச் சொசைட்டி இருக்குற ரோட்டுக்குப் பேரு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. அவரு யாருன்னு நம்ம பிள்ளைகள்ல பாதிப்பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் கலை விமர்சகர்னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அவரு நிலவியல் படிச்சவரு. 1903ல இருந்து 1906 வரைக்கும் இலங்கைக் கனிம ஆய்வுத் திணைக்களத்துக்குத் தலைவர், தோரியனைட்ங்குற கனிமத்த அடையாளங் கண்டவரு. கல்லுத் தேடி இந்த மலைக் கிராமமெல்லாம் நடந்து திரிஞ்சப்பத்தான் கண்டி ராச்சியத்துக் கொல்லனையும் நெசவுகாரனையும் ஓவியக்காரனையும் கண்டாரு. 1908ல அவங்க வேலையப் பத்திப் பெரிய புத்தகமே போட்டாரு. கல்லப் பாக்கப் போனவரு கையப் பாத்துட்டு வந்தாரு. நீங்க அதே மலையில நின்னுக்கிட்டுத்தான் தப்பக் கேட்டிருக்கீங்க, அத மறந்துடாதீங்க மகள்.

காரைதீவுப்_பையன் எழுதினது:

சேர் சொன்னதோட நான் ஒண்ணு சேக்குறேன். எங்க ஊர்ல பிறந்த விபுலானந்த அடிகளும் இதே வழிதான், 1916ல மதுரைத் தமிழ்ச் சங்கத்துல பண்டிதர் பட்டம் எடுத்தவரு, லண்டன் பி.எஸ்சி.யும் எடுத்தவரு. அந்த ரெண்டு படிப்பும் ஒரே ஆளுக்குள்ள இருந்ததாலதான் பழந்தமிழர் யாழ கணக்குப் போட்டு ஆராய அவரால ஏலுமா இருந்திச்சு, அந்த யாழ் நூல் 1947ல வெளிவந்திச்சு, அதே வருசம் அவரு போயிட்டாரு. மட்டக்களப்புல அவரு பேர்ல அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு அக்கா, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ, தமிழ்லயே பேச விரும்புனா அங்கயும் கேட்டுப் பாருங்க. நாங்க வந்து கேக்குறோம்.

மீடிறன் எழுதினது:

டீச்சர், நானும் பௌதிகவியல்தான், பதுளை. உங்க ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சவருகிட்ட ஒரே ஒரு பேரு சொல்லுங்க, சி.வி. ராமன். 1920லயே அவரும் அவரோட வேலை செஞ்ச ஒருத்தரும் சேந்து நம்ம தோல் வாத்தியத்தோட மேற்றொனிகளப் பத்தி, அதாவது அடித்தொனியோட சேந்து வார மேல் தொனிகளப் பத்தி, நேச்சர் சஞ்சிகைல எழுதியிருக்காங்க. 1934ல அவரே பெங்களூர்ல இந்திய விஞ்ஞான அகடமியத் தொடங்கி, அந்த அகடமி வெளியிட்ட சஞ்சிகையோட முதல் தொகுதியிலயே மிருதங்கம் தபேலா பத்திப் பெரிய கட்டுரை போட்டாரு. நோபல் பரிசு எடுத்து நாலு வருசம் ஆன மனுசன், தன்னோட அகடமிக்கு முதல் வருசத்துலயே எடுத்த விசயங்கள்ல ஒண்ணு மத்தளத் தோல். தோல் சத்தம் விஞ்ஞானம் இல்லன்னு யாரும் சொல்ல ஏலாது.

அதுல உங்களுக்கு நேரடியா வேண்டிய விசயமும் இருக்கு. வெறும் வட்டத் தோல அடிச்சா வார மேற்றொனிகள் அடித்தொனிக்கு முழு எண் விகிதத்துல வராது, 1.59, 2.14, 2.30னு கோணலா வரும், அதனாலதான் அது சுரமாக் கேக்காம சத்தமாக் கேக்குது. மிருதங்கத்துல நடுவுல அப்புற அந்தக் கறுப்புப் பூச்சுதான் அத கிட்டத்தட்ட 1, 2, 3, 4னு ஒழுங்குக்குக் கொண்டு வருது. தப்புல பூச்சு இல்ல. அப்ப உங்க மாமா சுருதிய ஆள்றதுக்கு அவருகிட்ட இருக்குற ஒரே கருவி நெருப்புத்தான், ஈரத்த விரட்டி தோலோட இழுவையக் கூட்டுறாரு. இழுவை நாலு மடங்கானாத்தான் மீடிறன் ரெண்டு மடங்காகும், அதனால கொஞ்சமா ஏறுற மாதிரி உங்க கிராஃப்ல தெரிஞ்சாலும் தோலுக்குள்ள நடந்தது பெரிய மாற்றம். காய்ச்சுறப்ப வேகமா ஏறுறதும் அப்புறம் மெதுவா இறங்குறதும் எனக்கு நியாயமாத்தான் படுது, நெருப்பு தண்ணிய வலிஞ்சு விரட்டுது, பனி தானா ஊறி வர நேரமெடுக்கும். ஆனா ஒரு சந்தேகம், தப்போட வெப்பநிலைய நீங்க அளந்தீங்களா இல்ல காத்தோடத மட்டுமா? தோல் சூடா இருக்குறதோட விளைவையும் காஞ்சு இருக்குறதோட விளைவையும் பிரிக்கணும், அத யாராவது கட்டாயம் கேப்பாங்க.

சரசு_மஸ்கெலியா எழுதினது:

பிள்ளை, நான் பெரிய படிப்புப் படிக்கல, முப்பது வருசம் தோட்டத்துல சின்னப் பிள்ளைகளப் பாத்துக்கிற புள்ளைக்காம்பராவுல வேலை செஞ்சவ, தாலாட்டும் ஒப்பாரியும் எழுதி எழுதி நாலு கொப்பி நெறஞ்சிருக்கு. எங்க பாட்டெல்லாம் சேத்தவங்கள்ல சி.வி. வேலுப்பிள்ளை ஐயா முக்கியமானவரு, மடக்கும்புரைத் தோட்டத்துல பொறந்தவரு, பார்லிமெண்டுக்கும் போனவரு, அவரு சேக்காட்டி எத்தனையோ பாட்டு மண்ணோட போயிருக்கும்.

அகடமி பத்தி எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன் தப்பா நெனைக்காதீங்க. உங்க கட்டுரைல உங்க மாமா பேரு எங்க இருக்கு? எங்ககிட்ட பாட்டுக் கேட்டு ரெக்கோர்ட் பண்ணிட்டுப் போனவங்க எத்தனையோ பேரு, "ஒரு தோட்டத் தொழிலாளி பாடியது"ன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. பேரு இல்லையா எங்களுக்கு? ராத்திரி எப்பக் காய்ச்சணும் எப்ப விடணும்னு முடிவெடுக்கிறது அவருதானே, அந்த அறிவு அவரோடதுதானே. எந்த இடத்துல வாசிச்சாலும் அவருகிட்ட கேட்டு, அவரு சரின்னா ரெண்டு பேரும் சேந்து போடுங்க. கொழும்புல வாசிக்கிறதுக்கு முந்தி லயத்துல வாசிச்சுக் காட்டுங்க. ஒலியெல்லாம் நூலகம்ங்குற இணைய ஆவணக் காப்பகத்துல குடுத்து வச்சா நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

மூடுபனி எழுதினது:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல. கொழுந்துக்கூடை அக்கா, அந்த ஈமெயில திரும்பப் பாத்தேன், தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல, அழிச்சிட்டேன்.

சரசு அம்மா, நீங்க கேட்டது என்னைய ரெண்டு நாள் விடல. என் கட்டுரைல மாமாவ "தகவலாளர்"னு போட்டிருந்தேன். தாத்தா தப்பத் தோள்ல வச்சு வளந்த வீட்டுப் பிள்ளை நான், நானே அப்பிடித்தான் போட்டிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை பின்னேரம் மாமா வீட்டுக்குப் போய் முழுக்க தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன். கூடவே தப்படிக்கிற இன்னும் ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. இழுவை, ஈரப்பதன் எல்லாம் சொல்லச் சொல்ல மாமா தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. முடிச்சதும் ஒண்ணு சொன்னாரு, "எல்லாஞ் சரி பாப்பா, ஆனா நீ காய்ச்சுறதப் பிழையா எழுதியிருக்க. நெருப்புல வச்சேன்னு எழுதியிருக்க. வைக்கக்கூடாது. சுத்திக்கிட்டே இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் கூடக் காஞ்சா சத்தம் ரெண்டாப் பிரிஞ்சு ஆடும், அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் ஒட்டாது." பக்கத்துல இருந்தவரு உடனே தப்ப எடுத்து வேணும்னே ஒரு பக்கத்த மட்டும் காய்ச்சி அடிச்சுக் காட்டினாரு. உண்மையாவே சத்தம் ஆடிச்சு, காதுக்கே தெரிஞ்சிச்சு. மூணு வருசம் ரெக்கோர்ட் பண்ணியும் நான் இதக் கேக்கவே இல்ல, ஏன்னா மாமா ஒரு தடவை கூடப் பிழையாக் காய்ச்சல.

மீடிறன் சேர், இது என்னது? தோலோட வெப்பநிலைய நான் அளக்கல, அத அடுத்த தடவை செய்யணும்.

மீடிறன் எழுதினது:

டீச்சர் இத வாசிச்சதும் எழும்பி நின்னுட்டேன். ஒரே சீரா இழுத்த வட்டத் தோல்ல ஒரு விட்டத்துக்கு ரெண்டு பக்கமும் எதிரெதிரா மேலயும் கீழயும் ஆடுற அதிர்வு ஒண்ணு இருக்கு, அந்த விட்டம் எந்தத் திசைல இருந்தாலும் மீடிறன் ஒண்ணுதான். ஒரு பக்கம் இழுவை கூடிட்டா அந்த ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சிடும், ரெண்டும் கிட்டக் கிட்ட இருக்குறதால ஒண்ணோட ஒண்ணு மோதி சத்தம் ஏறி இறங்கி ஆடும். "ரெண்டாப் பிரிஞ்சு ஆடும்"னு மாமா சொன்னாரே, அதுல ஒரு எழுத்துக் கூட மாத்தத் தேவையில்ல, அப்பிடியே கட்டுரைல போடுங்க.

செய்ய வேண்டியது லேசு. தப்போட விளிம்ப ஒட்டி சுத்தி எட்டு இடத்துல குறி போட்டு, ஒவ்வொரு இடத்துலயும் மெதுவாத் தட்டி ரெக்கோர்ட் பண்ணுங்க, ஒழுங்காக் காய்ச்சினதுல ஒரு தடவை, வேணும்னே பிழையாக் காய்ச்சினதுல ஒரு தடவை. முதல்லதுல எட்டும் ஒண்ணா இருக்கணும், ரெண்டாவதுல பிரியணும். தோல் வெப்பநிலைக்கு என்கிட்ட தொடாம அளக்குற தேர்மோமீட்டர் ஒண்ணு இருக்கு, பதுளைல இருந்து ஹட்டனுக்கு ரயில்ல கொண்டு வந்து தாரேன்.

ஹந்தானை எழுதினது:

மகள், விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்துக்கு சுருக்கம் எழுதையில எந்தப் பிரிவுன்னு கேப்பாங்க, பௌதிக விஞ்ஞானத்துக்கு அனுப்புங்க. சமூக விஞ்ஞானத்துக்கு அனுப்புனா கூத்தப் பத்தி மட்டும் பேசிட்டு இழுவைய விட்டுடுவாங்க. கூத்துப் பகுதிய, அதாவது ரதி புலம்புறப்ப சத்தத்த இறங்க விடுறாரே அதத் தனியா விரிச்சு ஏசியாட்டிக் சொசைட்டிக்கு எழுதலாம். இங்கிலீஷ்ல எழுதி முடிச்சதும் எனக்குக் காட்டுங்க, மொழி மட்டும் பாத்துத் தாரேன், விசயத்துல கை வைக்க மாட்டேன்.

மூடுபனி எழுதினது:

சரி சேர். மாமாகிட்ட கேட்டேன், பேரு போடலாமான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் தாத்தா பேரையும் சேத்துப் போட ஏலுமான்னு கேட்டாரு. செத்துப் போனவங்க பேரு போடுற முறை உண்டா? உண்டுன்னா எப்பிடிப் போடுறதுன்னு யாராவது சொல்லுங்க, இந்தச் சனிக்கிழமை எட்டு இடமும் அளக்குறோம்.